கழற்றிப் போட முடியாத பாட்டு

அப்புத்தளை பஜாரில் ஒரு சின்ன கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, விண்ணப்பப் படிவம், போனுக்கு உறை, சார்ஜர். அலுமாரியில் பளபளப்பான சரக்கு எவ்வளவோ தொங்கினாலும், தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போட்ட கிழமையில் முதலில் தீர்ந்துபோவது பீ.எல். 5சீ என்ற பற்றரிதான். நொக்கியா 2003இல் வெளியிட்ட 1100 போனுக்குள் இருந்த அதே பற்றரி. நெற்றியில் டோர்ச் வைத்த அந்தப் போன் உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. எங்கள் லயங்களில் அதைப் பேசுவதற்கு வைத்திருந்தவர்களைவிட இருட்டில் தண்ணீர்ப் பீலிக்குப் போக வைத்திருந்தவர்களே அதிகம். போனுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பற்றரிக்கு இன்னும் முடியவில்லை.

காரணம், சீனாவில் செய்து வரும் சின்னப் பாட்டுப் பொட்டிகள். பெயர்கூட இல்லாத எத்தனையோ கம்பனிகள் தங்கள் பொட்டியின் முதுகில் இந்தப் பற்றரி உட்காரும்படி ஒரு குழி வைத்துவிட்டன. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை. மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், அவ்வளவுதான். பொட்டியில் எஃப்.எம். உண்டு. மெமரி சிப் போட ஒரு கீறல், பென் டிரைவ் குத்த ஒரு வாய், இயர்போனுக்கு ஒரு துளை. தம்பேத்தன்னப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் அதை வாங்கிப் படங்குக்குள் செருகிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போகிறார்கள். பொட்டி ஒரு கம்பனி, பற்றரி இன்னொன்று, சிப் வேறொன்று. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மற்றதிடம் அனுமதி கேட்கும் பேச்சே இல்லை.

அந்தப் பெண்களில் ஒருவரின் மகன் கொழும்பிலிருந்து தீபாவளிக்குக் கொண்டுவரும் போனைப் பாருங்கள். பொட்டியைவிடப் பல மடங்கு விலை. ஆனால் பற்றரியைக் கழற்ற முடியாது, சிப்புக்கு இடமில்லை, இயர்போன் துளை இல்லை, எஃப்.எம். இல்லை. விலை ஏற ஏற, வாங்கியவர் அதில் செய்யக்கூடியது குறைந்துகொண்டே வருகிறது. நுகர்வோருக்குத் தெரிவு பெருகிவிட்டது என்பவர்கள் கடையில் தொங்கும் மாடல்களை எண்ணிக் காட்டுகிறார்கள். என் கணக்கு வேறு. வாங்கியது பிடிக்காவிட்டால் என் பாட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த கம்பனிக்குப் போகலாமா? போக முடியாதென்றால் நூறு மாடல் தொங்கி என்ன பயன்?

மலையகத்துக்குப் பாட்டு வந்து சேர்ந்த வழிகளில் பூட்டு இருந்ததில்லை. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலையோ கே.எஸ். ராஜாவின் வேகத்தையோ பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையோ கேட்பதற்கு, உன் ரேடியோ எந்தக் கம்பனி என்று இலங்கை வானொலி கேட்டதில்லை. லயத்துக்கு லைட் வராத காலம் அது. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைப்பார்கள், அடுப்பு மேட்டில் வைத்துச் சூடு காட்டுவார்கள், இன்னும் இரண்டொரு நாள் இழுக்கும். இரவானால் திருச்சி வானொலியும் பிடிக்கும்.

பிறகு கேசட். பிலிப்ஸ் கம்பனி 1963இல் அதை வெளியிட்டது. 1965இல், ஜப்பான்காரர்களோடு நடந்த பேரத்தின் முடிவில், உரிமத் தொகை கேட்காமலே மற்றவர்களும் செய்யலாம் என்று விட்டுக்கொடுத்தது. தருமத்துக்காக அல்ல, தன் கேசட் மற்றவர்களுடையதை முந்த வேண்டும் என்பதற்காகத்தான். ஆனாலும் அந்த ஒரு முடிவால் பண்டாரவளையில் பதிந்த கேசட், குவைத்திலிருந்து வந்த செட்டில் ஓடியது. என் மாமா பண்டாரவளையில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். பாட்டுப் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடமா தொண்ணூறா என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி. பக்கம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் மிஞ்சினால் தன் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு பழைய பாட்டின் பாதியைப் போடுவார். அந்தப் பாதிக்காகவே அவரிடம் வந்தவர்களும் உண்டு.

பூட்டு போட்ட பாட்டு உலகத்துக்கு வந்த கதையில் பெரிய பெயர் ஆப்பிளுடையது. ஐபொட் என்ற அதன் பிளேயர் 2001 ஒக்டோபர் 23இல் அறிமுகமானது. விலை 399 டொலர், கொள்ளளவு 5 ஜீபி, ஆயிரம் பாட்டு. நியாயமாகச் சொன்னால் பொருள் அருமையானது. எங்கிருந்தோ எடுத்த எம்.பி.3 பாட்டையும் அது பாடியது. சிக்கல் 2003 ஏப்ரலில் ஆப்பிள் திறந்த பாட்டுக் கடையில் தொடங்கியது. ஒரு பாட்டு 99 சதம். வாங்கிய பாட்டின் மேல் ஃபெயார்பிளே என்ற பூட்டு. வேறு கம்பனியின் பிளேயரில் அது பாடாது. 2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் கம்பனி, தான் விற்கும் பாட்டும் ஐபொட்டில் பாட ஒரு வழி கண்டுபிடித்தது. ஆப்பிள் தன் மென்பொருளை மாற்றி அந்த வழியை அடைத்தது.

மற்றவர்கள் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 1979இல் வோக்மேனைக் கொடுத்த சொனி, தன் சொந்தப் பாட்டு வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல வருடம் பிடிவாதம் பிடித்து, கையிலிருந்த சந்தையைக் கோட்டைவிட்டது. மைக்ரோசொஃப்ட் இன்னும் ஒரு படி மேல். 2004இல் தன்னுடைய பூட்டை மற்றக் கம்பனிகளுக்கெல்லாம் கொடுத்தது. 2006 நவம்பரில் சூன் என்று சொந்த பிளேயர் கொண்டுவந்தபோது, தன் பழைய பூட்டோடு விற்ற பாட்டுகளே அதில் பாடவில்லை. சொந்த வாடிக்கையாளரையே வாசலில் நிறுத்திவிட்டு வியாபாரம் செய்யப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

நோர்வேயின் நுகர்வோர் அமைப்புகள் 2006இல் ஆப்பிளின் பூட்டைக் கேள்வி கேட்டன. 2007 பெப்ரவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் பூட்டே வேண்டாம், பாட்டுக் கம்பனிகள்தான் கேட்கின்றன என்று எழுதினார். 2009 தொடக்கத்தில் ஆப்பிள் கடையில் பாட்டுகளின் பூட்டு போனது. இது தொடர்பான அமெரிக்க வழக்கு 2014 டிசம்பர்வரை இழுபட்டு, ஜூரிகள் ஆப்பிளின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். என் அபிப்பிராயத்தில் பூட்டைக் கழற்றியது நீதிமன்றமும் அல்ல, ஜொப்ஸின் மனமும் அல்ல. ஒரே கடைக்காரர் கையில் எல்லாம் போய்விடும் என்று பாட்டுக் கம்பனிகள் பயந்து, 2007இல் அமேசனுக்குப் பூட்டில்லாத பாட்டைக் கொடுக்கத் தொடங்கின. அடுத்த கடை என்று ஒன்று வந்தால்தான் முதல் கடைக்காரருக்கு மரியாதை வரும்.

அந்த ஆப்பிள் கடை இலங்கைக்குத் திறந்தது 2012 ஜூனில். அமெரிக்காவில் திறந்து ஒன்பது வருடம் கழித்து. அப்போது அதில் பாட்டு வாங்க வங்கி அட்டை வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டதே 2021 மார்ச்சில்தான். பிட்டரத்மலையில் கொழுந்து எடுக்கும் ஒருவர் நேர்மையாகக் காசு கொடுத்து ஒரு பாட்டு வாங்க எந்தக் கடைக்குப் போயிருக்க வேண்டும்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும். சிப்பில் பாட்டு ஏற்றிக் கொடுத்த கடைகளால் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் ஒன்றும் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் கள்ளப் பாட்டு என்று திட்டுகிறவர்கள் அந்த நல்ல கடையின் முகவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிப்பில் பாட்டு ஏற்றிக் கொடுத்த அந்த நாட்களில் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்பிய ஒரு பெண், தம்பிக்கென்று ஒரு பிளேயர் கொண்டுவந்தார். எஜமானி வீட்டுப் பிள்ளை பாவித்துவிட்டுக் கொடுத்தது. கம்பனி பெயர் எதற்கு, இரண்டு மூன்று கம்பனிகள் அப்போது இதைத்தான் செய்தன. கணினியில் குத்தினால் அதற்கென்ற மென்பொருள் வேண்டும். மென்பொருளைப் போட்டால், இது வேறொரு கணினியோடு பழகியது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால்தான் புதிதாகப் போடலாம் என்று திரையில் வரும். "அழிக்காம ஒரே ஒரு பாட்டு போட முடியாதா அக்கா?" என்று அந்தப் பையன் கேட்டான். உள்ளே இருந்தவை அரபுப் பாட்டுகள். தன் அக்காவின் இரண்டு வருடம் அந்தப் பாட்டுகளுக்குள் இருந்ததாலோ என்னவோ, அவனுக்கு அழிக்க மனமில்லை. கடைசியில் சிப் போடும் சாதாரண போன் ஒன்றை வாங்கிக்கொண்டான்.

இப்போது பாட்டை வாங்கும் காலமே போய்விட்டது. மாதக் காசுக்குக் கேட்கும் காலம். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வருவதாக அறிவித்தது. ஏராளமான பாட்டு கிடைக்கும், பாடியவருக்குச் சில சதமாவது போகும், நல்லது. ஆனால் காசு கட்டி இறக்கி வைத்த பாட்டுக்கும் முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தைத் தொட்டாக வேண்டும். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கும் தோட்டங்கள் எங்கள் பதுளை மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. டேட்டாவும் மாதக் காசும் நின்ற அன்று பாட்டும் நின்றுவிடும். பத்து வருடம் கட்டியவர் கையில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

சினிமாப் பாட்டு போனால் போகட்டும், எங்காவது திரும்பக் கிடைக்கும். கடைக்கு வந்த ஒரு பெரியவரின் விஷயம்தான் என்னை இதை எழுத வைத்தது. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தத்தோடு பாடி வந்தவர். பேரன் வருடா வருடம் போனில் அதைப் பதிந்து வைத்திருக்கிறான். ரதி வேடம் கட்டியவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் போன் தண்ணீரில் விழுந்து திரை கறுத்துவிட்டது. புதிய போனோடு பெரியவர் வந்து நின்றார்.

"பழசுல இருக்கிற சிப்பக் கழட்டி இதுல போட்டுடு பிள்ள."

"பழசுலயும் சிப்பு இல்ல தாத்தா. எல்லாம் உள்ளுக்கேதான் இருக்கு. புதுசுல போடுறதுக்கு எடமும் இல்ல."

பழைய போனாக இருந்தால் நகத்தால் நெம்பி எடுத்து அரை நிமிடத்தில் முடிக்கும் வேலை. இன்றைய போன்கள் உள்ளே பதிவதையெல்லாம் மறையெழுத்தாகவே பதிகின்றன. அதே போனின் மூளை உயிரோடு இல்லாவிட்டால் வேறெதனாலும் வாசிக்க முடியாது. ஒருவேளை இணையத்தில் ஒரு பிரதி ஏறியிருக்கலாம். அதைப் பார்க்கக் கணக்கும் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? போன் வாங்கிய கடையில் ஒரு பையன் மெயில் கணக்குத் திறந்து, தனக்கு வாயில் வந்த சொல்லைப் போட்டு, போனை இயக்கிக் கொடுத்திருக்கிறான். தோட்டங்களில் இருக்கும் போன்களில் எத்தனைக்கு இந்தக் கதை என்று கணக்கெடுத்தால் நாடு வெட்கப்படும். போன் நம் பெயரில், பில் நம் பெயரில், கணக்கின் சாவி மட்டும் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு கடைப் பையனின் ஞாபகத்தில்.

எங்கள் முன்னோருக்குத் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாற வேண்டுமானால், அவர் பெயரிலுள்ள கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் காசைக் கட்டும். கட்டிய காசு தொழிலாளியின் கடனாகவே தொடரும். கால் நடக்கத் தயார், கணக்குதான் விடாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உயிரும் மானமும் போன அந்தக் கொடுமையையும் ஒரு போன் கணக்கையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பிடித்து வைக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன். வாசல் திறந்திருக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் நீங்கள் சேர்த்ததெல்லாம் பழைய இடத்தின் கணக்கில் இருக்கும்.

பூட்டுக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். களவு போன போனைத் திருடன் அழித்து விற்க முடியாமல் செய்யும் பூட்டு நல்ல பூட்டு. சிப்பும் பென்னும் மாற்றி மாற்றிக் குத்தியதில் வைரஸ் ஏறிப் படுத்த கணினிகளைக் கடையில் பார்த்தவள் நான். யாரோ அனுப்பிய செயலியைப் போட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்களும் வந்திருக்கிறார்கள். வயதான ஒருவருக்கு எதையும் உள்ளே விடாத போன் பாதுகாப்பாக இருக்கலாம். விரும்பி வாங்குகிறவர் வாங்கட்டும். பூட்டு இருக்கலாம், சாவி காசு கொடுத்தவர் கையில் இருக்க வேண்டும். சாவியைக் கம்பனியே வைத்துக்கொண்டு, உன் பாதுகாப்புக்காக என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எஃப்.எம். விஷயத்தில் இது வெறும் பாட்டுப் பேச்சும் அல்ல. போனில் எஃப்.எம். வேலை செய்ய இயர்போன் வயர்தான் ஏரியல். 2016இல் ஐபோன் 7 துளையைக் கைவிட்டது. மற்றக் கம்பனிகளும் பின்னால் போயின. துளை போன பல போன்களில் ரேடியோவும் போனது. இது மண் சரியும் மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டமெங்கும் மலைகள் சரிந்தபோது, கரண்டும் போனது, சிக்னலும் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரிவுக்கு என்ன எச்சரிக்கை விட்டது என்று அறிய, விலையுயர்ந்த போன் வைத்திருந்தவர்கள் பாட்டுப் பொட்டி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனார்கள். இந்தியாவின் இலத்திரனியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சு 2023 ஏப்ரலில், போனில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை முடக்காதீர்கள் என்று கம்பனிகளுக்கு அறிவுரை விட்டது. காரணமாகச் சொன்னவற்றில் அனர்த்த காலமும் ஒன்று. இங்கே அப்படி ஒரு அறிவுரையைக்கூட நான் கண்டதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1987இல் நமக்கு நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஒன்று இருந்தது. கம்பனிகள் ஒன்றுசேர்ந்து சந்தையைப் பிடிப்பதை விசாரிக்க அதில் இடம் இருந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தபோது அது போனது. கம்பனி இணைப்பை விசாரிக்கும் அதிகாரமும் கூடவே போனது. அதிகார சபை அதிகாரிகள் அப்புத்தளைக்கும் வருவார்கள். அரிசி விலை, வெங்காய விலை, பொதியில் திகதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவையான வேலைதான். என் அலுமாரியில் இருக்கும் போனை எடுத்து, இதன் பற்றரியை யார் மாற்றுவது, எத்தனை வருடத்துக்கு மென்பொருள் வரும் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் எந்தப் போனையும் இங்கே விற்க முடியாது. போன் பதிவானதா என்று 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்க்கலாம். 2025 தொடக்கத்திலிருந்து பதியாத போன்களுக்கு இணைப்புக் கிடையாது என்றும் அறிவித்தார்கள். ஆக, ஒவ்வொரு போனும் நுழையும் கடவையில் அரசாங்கம் ஏற்கெனவே நிற்கிறது. அந்தக் கடவையில் அலைவரிசையை மட்டும் பார்க்காமல், பற்றரியை ஊர்க் கடையில் மாற்ற முடியுமா, சிப் ஏறுமா, எஃப்.எம். உண்டா, மென்பொருள் எந்த வருடம்வரை என்று கேட்டு, பதிலை மூன்று மொழியிலும் பெட்டியின் மேல் அச்சடிக்கச் சொல்லலாம். கணக்குத் திறந்து கொடுக்கும் கடை, பாஸ்வேர்டை எழுதி வாங்குபவர் கையில் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

இலங்கை சின்னச் சந்தை, நமக்கென்று எந்தக் கம்பனியும் தனியாகச் செய்யாது என்று இறக்குமதியாளர்கள் சொல்வார்கள். தனியாகச் செய்யவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து போன்களுக்குப் பொதுவான சார்ஜர் துளை கட்டாயம். 2025 ஜூன் 20 முதல் உதிரிப்பாகம் பல வருடம் கிடைக்க வேண்டும், மென்பொருள் ஐந்து வருடமாவது வர வேண்டும் என்று விதி. 2027 பெப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் தவிர, பற்றரியைப் பாவிப்பவரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே விற்பதை இங்கேயும் அனுப்பினால் போதும். அந்த விதிகளுக்கு ஒத்துவராமல் அங்கே விலைபோகாத போன்களைக் கப்பலில் ஏற்றி எந்த நாட்டுத் துறைமுகத்தில் இறக்கப் பார்ப்பார்கள் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழு இப்போதே யோசிக்க வேண்டும்.